கைமாறி வளரும் பவளம்

ராமேஸ்வரத்துக்கோ கன்னியாகுமரிக்கோ போய்வந்த குடும்பங்களின் கண்ணாடி அலமாரியில் ஒரு காலத்தில் வெள்ளைப் பவளம் ஒன்று கட்டாயம் இருக்கும். பெயர் எழுதிய சங்கு, சோழி ஒட்டிய முகக்கண்ணாடி, தலையாட்டி பொம்மை இவற்றுக்கு நடுவே கிளைவிட்டோ உருண்டையாகவோ உட்கார்ந்திருக்கும். துணியால் துடைத்தால் நூல் சிக்கிக்கொள்ளும் என்பதால் யாரும் துடைக்க மாட்டார்கள். பழுப்பேறிப்போனால் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு வெளுக்க வைப்பார்கள். கதவைத் திறக்கையில் வரும் அந்தக் காய்ந்த கடல்வாடை, ஐம்பதைக் கடந்த பலருக்கு இன்னும் மூக்கில் இருக்கும். அந்தத் தலைமுறைக்குப் பவளம் என்றால் வெள்ளை, பவளம் என்றால் கல். அது ஆயிரக்கணக்கான சிறு உயிர்கள் சேர்ந்து கட்டிய எலும்பு என்பதும், உயிரோடு இருந்தபோது பழுப்போ பச்சையோ ஊதாவோ ஆன சதை அதன்மேல் போர்த்தியிருந்தது என்பதும் விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. இன்று அதே வீடுகளின் பிள்ளைகள் வரவேற்பறையில் கடல்நீர்த் தொட்டி வைத்து, நீல வெளிச்சத்தில் உயிருள்ள பவளம் வளர்க்க ஆசைப்படுகிறார்கள். செலவு கையைக் கடிக்காமல் எந்தப் பவளத்தில் தொடங்கலாம் என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. விலைப்பட்டியலைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது என்பது என் எண்ணம். பவளத்தின் மலிவு இரண்டு விஷயங்களில் இருக்கிறது: அது யார் தொட்டியில் வளர்ந்து நம்மிடம் வந்தது, வந்த பிறகு மாதாமாதம் நம்மிடம் என்ன கேட்கிறது.

இதைப் புரிந்துகொள்ள, இந்தப் பொழுதுபோக்கு கடந்து வந்த பாதையைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். அறுபது, எழுபதுகளில் மேலைநாடுகளிலும் கடல்நீர்த் தொட்டி என்றால் மீன் மட்டும்தான். பின்னணிக்கு அதே செத்த வெள்ளைப் பவளம். பாசி பிடித்தால் எடுத்து, ப்ளீச்சில் போட்டு, வெயிலில் உலர்த்தி, மறுபடி உள்ளே வைப்பார்கள். ஒவ்வொரு முறையும் தொட்டிக்கு உயிர்கொடுத்துக்கொண்டிருந்த நுண்ணுயிர்களையும் சேர்த்தே கொன்றுகொண்டிருந்தார்கள். இதற்கு நேர்மாறான வழியை ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் 1961-இலேயே அமெரிக்காவின் ‘டிராபிகல் ஃபிஷ் ஹாபியிஸ்ட்’ இதழில் எழுதிவிட்டார். கடலிலிருந்து உயிரோடு எடுத்த பாறை, கடல்நீர், சூரிய வெளிச்சம், மெல்லிய காற்றுக்குமிழி, அவ்வளவுதான், வடிகட்டி கிடையாது. பவளம் அதில் வாழ்ந்தது. ஆனால் ஜாவாக் கடலோரத்தில் நடப்பது பெர்லின் அடுக்குமாடியில் நடக்குமா என்று கேட்டவர்கள் அதை ஓரமாக வைத்துவிட்டார்கள். எண்பதுகளில் அதே பெர்லின்காரர்கள்தான் உயிர்ப்பாறை, புரதக் கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர், பலத்த மெட்டல் ஹாலைடு விளக்கு, சுண்ணாம்புத் தெளிநீர் என்று சேர்த்து ஒரு முறையை நிலைநிறுத்தினார்கள். சுண்ணாம்புத் தெளிநீர் என்றதும் நமக்கு ஓர் எண்ணம் ஓடாமல் இருக்காது. அவர்கள் பவளம் வளர்க்கச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டிக் காளவாயில் எரித்துக்கொண்டிருந்தார்கள்.

பெர்லினில் நடந்தவற்றில் என் வாதத்துக்கு மிகவும் வேண்டியது ஒரு கிளையின் கதை. டீட்ரிச் ஸ்டூபர் என்ற ரசிகரின் தொட்டியில் அக்ரோபோரா வகைப் பவளம் ஒன்று வளர்ந்தது. அவர் அதை ஒடித்து ஒடித்து நண்பர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் தங்கள் தொட்டியில் வளர்த்து, ஒடித்து, அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். கடலிலிருந்து ஒருமுறை வந்த அந்த உயிர் இன்று பல நாட்டுத் தொட்டிகளில் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. நம் ஊரில் பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலாக முருங்கைக் கொம்பு கைமாறுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. காசு கொடுத்து வாங்கிய கொம்பைவிட அந்தத் தெருவின் மண்ணிலும் தண்ணீரிலும் ஏற்கெனவே காய்த்த மரத்தின் கொம்பு பிழைக்க வாய்ப்பு அதிகம். பவளத்துக்கும் இதே கணக்குதான். ஒரு தொட்டியில் பல தலைமுறை கண்ட துண்டு, செயற்கை உப்பையும் எல்.இ.டி. வெளிச்சத்தையும் மனிதக் கையின் தவறுகளையும் தாங்கிப் பழகியது. கடலிலிருந்து நேராகப் பிடுங்கி, பையில் கட்டி, விமானத்தில் ஏற்றி, மொத்தக் கடையில் ஒரு வாரம் கிடந்து வந்தது அப்படியல்ல. முதலாவது சிறியதாக, பார்க்கச் சாதாரணமாக இருக்கும்; இரண்டாவது கைப்பந்து அளவில் கண்ணைப் பறிக்கும். தொடக்கக்காரர் இரண்டாவதை வாங்கித்தான் பணத்தை இழக்கிறார்.

அடுத்தது சட்டம். வெளிநாட்டுப் புத்தகங்கள் தொடக்கக்காரருக்கு என்று தரும் பட்டியலில் டங்கன், கேண்டி கேன், ஹாமர் என்று சில பெயர்கள் தவறாமல் வரும். அவை எல்லாம் கல்பவளங்கள், அதாவது எலும்புக்கூடு கட்டுபவை. இந்தியாவில் அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் கல்பவளங்கள் எல்லாவற்றையும், கூடவே கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி வகைகளையும் 2001-இல் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு என்ன பாதுகாப்போ அதே வரிசைப் பாதுகாப்பு. அலமாரி வெள்ளைப் பவளத்தை இன்று கடையில் பார்க்க முடியாததன் காரணமும் இதுதான். இந்தச் சட்டம் தேவையில்லாமல் வரவில்லை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே இருக்கும் 21 தீவுகளையும் 1986-இலேயே கடல்சார் தேசியப் பூங்காவாக்கியும் பவளம் வெட்டுவது தொடர்ந்தது. வீட்டு அஸ்திவாரத்துக்கும் சாலைக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் வள்ளம் வள்ளமாகப் போனது. அலையைத் தடுக்கும் பாறை போனதால் கரை அரித்து, அந்தத் தீவுகளில் இரண்டு நீருக்குள் போயின. ஆழிப்பேரலை வந்துபோன பிறகுதான் வெட்டு அடங்கியது. ஆக, ‘இறக்குமதிச் சரக்கு, பயப்படாதீர்கள்’ என்று யாராவது அக்ரோபோரா போன்ற கல்பவளத்தை நீட்டினால், அது மலிவாக இருந்தாலும் மலிவு அல்ல.

சட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு வெறும் பணக்கணக்காகப் பார்த்தாலும் முடிவு அதே பக்கம்தான் சாய்கிறது. கல்பவளம் நாள்தோறும் எலும்பு கட்டுகிறது. கட்டுவதற்கு நீரிலிருக்கும் கால்சியமும் கார்பனேட்டும் வேண்டும். இயற்கைக் கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. கடலுக்கு அது தீராத கையிருப்பு, 100 லிட்டர் தொட்டிக்கு அப்படியில்லை. கல்பவளம் அடர்ந்த தொட்டியில் காரத்தன்மை ஒரே நாளில் கண்ணுக்குத் தெரிய இறங்கும். அதை ஈடுகட்டச் சொட்டுச் சொட்டாக மருந்து செலுத்தும் பம்ப், அதற்கான உப்புகள், வாராவாரம் அளக்கும் பரிசோதனைக் கிட், பலத்த விளக்கு, விளக்குக்கு மின்கட்டணம் என்று ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வரும். மென்பவளத்துக்கு அப்படி எலும்புக்கூடு கிடையாது. சதைக்குள் சிதறிக்கிடக்கும் நுண்ணிய சுண்ணாம்பு ஊசிகளோடு சரி. மஷ்ரூம், ஜோவா என்று பின்னால் சொல்லப்போகும் வகைகளுக்கு அதுவும் இல்லை. வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் புது உப்பிலிருந்தே வேண்டியது கிடைத்துவிடும். நைட்ரேட் கொஞ்சம் ஏறியிருந்தாலும் முகம் சுளிக்காது. துப்புரவாகச் சுத்தம் செய்த நீரில்தான் இவற்றில் சில சுருங்கும். மீனுக்குத் தீனி அளவுக்கு மீறிப் போடுவது தொடக்கக்காரரின் இயல்பு. அந்த இயல்பை மன்னிக்கும் உயிரைத் தேர்ந்தெடுப்பதே புத்தி.

நம் ஊர் வெயில் தனிக் கணக்கு. குளிர்நாட்டுப் புத்தகங்கள் ஹீட்டர் வாங்கச் சொல்லும். சென்னை மே மாதத்தில் ஹீட்டருக்கு என்ன வேலை? பவளத்துக்கு 25, 26 டிகிரி சுகம். 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் சதைக்குள் குடியிருந்து வெளிச்சத்தை உணவாக்கித் தரும் நுண்பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். கடலிலேயே நடப்பதுதான் இது. மன்னார் வளைகுடாப் பவளங்கள் 2010-இலும் 2016-இலும் கோடை வெப்பத்தில் வெளுத்தன. வீட்டில் இதைத் தடுக்கச் சில்லர் வேண்டும், சில்லர் தொட்டியைவிட விலை அதிகம். வசதி இல்லாதவர் நீர்ப்பரப்பின்மேல் சின்ன மின்விசிறியைத் திருப்பிவிடலாம். நீர் ஆவியாகையில் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு அப்படியே நிற்கும். ஆகவே தினமும் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர், அதுவும் ஆர்.ஓ. தண்ணீர், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடல்நீர் ஊற்றினால் உப்பு மேலும் ஏறும். ஆயிரத்துக்கு 35 பங்கு என்ற உப்பின் அளவை நிலையாக வைத்திருக்கும் தொட்டிக்கு மற்ற பல வசதிகள் குறைந்தாலும் பாதகமில்லை. கடற்கரை பக்கம்தானே, கேனில் மொண்டு வரலாமே என்று தோன்றும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னைக் கரையோர நீர் ஆற்று வெள்ளத்தில் நீர்த்துப்போகிறது. கூவமும் அடையாறும் கொண்டுவருவதில் மழைநீர் மட்டும் இருப்பதில்லை.

மின்வெட்டுக் காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாத நாள்கள் இருந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலேயே பல பகுதிகள் நாள்கணக்கில் இருண்டு கிடந்தன. பம்ப் நின்றால் தொட்டியில் ஓட்டம் நிற்கும், ஆக்சிஜன் குறையும். பாறைமேட்டில் அலை மோதும் இடத்தில் பிறந்த அக்ரோபோரா போன்றவை இதைத் தாங்குவதில்லை. மங்கிய வெளிச்சத்திலும் தேங்கிய ஓட்டத்திலும் வாழ்ந்து பழகிய மஷ்ரூம் அந்த நெருக்கடியில் சுருண்டு கிடந்து பிறகு விரியும். இன்று நிலைமை எவ்வளவோ மேல்தான். இருந்தாலும் புயல் வரும் கடற்கரை ஊரில், பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றை முதல் பவளத்துக்கு முன்பே வாங்கிவைப்பது நல்லது.

இனி, பெயர் சொல்லிப் பேசலாம். முதல் இடம் மஷ்ரூமுக்கு. டிஸ்கோசோமா, ரோடாக்டிஸ் என்று பெயர். பாறைமேல் ஒட்டிய தட்டையான வட்டம். பாறை என்றதும் உயிர்ப்பாறையைத் தேட வேண்டாம். அது பெரும்பாலும் பழைய பவள எலும்புதான், சட்டம் அதையும் தொடும்; செயற்கையாகச் சுட்ட பீங்கான் பாறை போதும், சில வாரத்தில் நுண்ணுயிர் அதில் குடியேறிவிடும். மஷ்ரூம் தொட்டியின் அடியில், விளக்குக்கு எட்டத்தில், நிதானமான ஓட்டத்தில் இருப்பதையே விரும்பும். நகரும்போது அடிப்பாதத்தின் துணுக்கை விட்டுச் செல்லும். துணுக்கு இன்னொரு மஷ்ரூமாக வளரும். ஒன்று வாங்கினால் ஒரு வருஷத்தில் நண்பருக்குக் கொடுக்க மிச்சம் இருக்கும். அடுத்தது ஜோவா. பாய்விரித்தாற்போலப் படரும் சிறு பூக்கூட்டம், நிறத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை. இதன் உறவான பாலிதோவாவிலிருந்து ஹவாயில் பிரித்தெடுத்து 1971-இல் அறிவிக்கப்பட்ட பாலிடாக்சின், உலகின் கொடிய நஞ்சுகளில் ஒன்று. ஆகவே கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டக்கூடாது. ஜோவா ஒட்டிய பாறையைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்யவே கூடாது, ஆவியாக மூச்சில் ஏறும். இதைச் சொல்லாமல் ஜோவாவை ‘எளிது’ என்று மட்டும் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. மூன்றாவது லெதர், குறிப்பாகக் காளான்குடை வடிவச் சார்கோஃபைட்டன். ‘நெமோ’ படம் 2003-இல் வந்ததிலிருந்து கோமாளி மீனுக்குக் கடற்சாமந்தி வேண்டும் என்று குழந்தைகள் கேட்பார்கள். கடற்சாமந்தி புதுத் தொட்டியில் நிற்காது, நகர்ந்து பம்பில் சிக்கும். கோமாளி மீன் பல சமயம் லெதரின் விரல்களுக்குள் புகுந்து அதையே வீடாக்கிக்கொள்ளும்.

எதிர்வாதங்களில் முதலாவது, அழகைப் பற்றியது. மென்பவளம் மட்டும் வைத்தால் அது பவளத்திட்டே அல்ல, பழுப்புச் சதை ஆடும் தொட்டி என்பார்கள். இதில் பாதி உண்மை உண்டு, கிளைவிட்ட கல்பவளத்தின் கட்டமைப்பு மென்பவளத்துக்கு வராது. மீதிப் பாதி வெளிச்சத்தின் வேலை. இன்று விற்பனைப் படங்கள் பெரும்பாலும் ஆழ்ந்த நீல எல்.இ.டி.யில் எடுக்கப்படுகின்றன; பவளத்தின் ஒளிரும் நிறமிகள் அந்த வெளிச்சத்தில்தான் பச்சையும் ஆரஞ்சுமாகத் தீப்பற்றும். அதே துண்டை வெள்ளை வெளிச்சத்தில் வைத்தால் பழுப்பு. ஒரு காலத்தில் ஜோவா ஒரு கல்லாக, கல்லில் முப்பது நாற்பது பூவோடு கிடைக்கும். இப்போது ஆளுக்கொரு ஆடம்பரப் பெயர் சூட்டி, ஒரு பூவுக்கு இவ்வளவு என்று விற்கிறார்கள். பெயருக்காகக் கூடக் கொடுக்கும் காசில் உயிர்ப் பிழைப்பு கூடுவதில்லை. ஆசைப்படுபவர் பெயர் இல்லாத ஜோவாவை வாங்கிவிட்டு, மிச்சக் காசில் நல்ல விளக்கை வாங்கட்டும். நிறம் தானே வரும்.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. கடலிலேயே பவளம் செத்துக்கொண்டிருக்கையில் வீட்டில் வளர்ப்பது எதற்கு, பார்த்துவிட்டு விட்டுவிடலாமே? கடலிலிருந்து எடுத்து விற்கும் வியாபாரத்தைப் பொறுத்தவரை இதற்கு என்னிடம் மறுப்பில்லை. இந்தோனேசியா 2018-இல் பவள ஏற்றுமதியை நிறுத்தியபோது, வெட்டி வளர்த்துப் பகிர்ந்துகொண்ட தொட்டிக்காரர்களுக்குத் துண்டுக்குப் பஞ்சம் வரவில்லை; கடலை நம்பிய கடைகளுக்குத்தான் வந்தது. கைமாறும் துண்டு கடலிடம் எதையும் கேட்பதில்லை. துண்டு ஒடித்து வளர்க்கும் கலையும் வீணானதல்ல. மன்னார் வளைகுடாவில் சிதைந்த திட்டுகளில் தூத்துக்குடி ஆய்வாளர்கள் சிமென்ட் பலகையில் பவளத் துண்டுகளைக் கட்டி நட்டு வளர்ப்பதும் அடிப்படையில் இதே வித்தைதான், அளவும் பொறுப்பும் வேறு. அதற்காக வரவேற்பறைத் தொட்டி கடலைக் காப்பாற்றுகிறது என்று பெருமையடிக்கவும் கூடாது. காப்பாற்றுவதில்லை. கெடுக்காமல் இருந்தால் போதும்.

மூன்றாவதை அனுபவசாலிகள் சொல்வார்கள்: எளிதில் வளர்வது எளிதில் ஆக்கிரமிக்கும். உண்மை. கைகளைத் திறந்து மூடி நாளெல்லாம் துடிக்கும் ஜீனியா என்ற மென்பவளத்தைப் பார்த்து மயங்காதவர் இல்லை. அந்தத் துடிப்பு நுண்பாசியின் உணவு தயாரிப்பைக் கூட்டுகிறது என்று செங்கடல் வகை ஒன்றை வைத்து 2013-இல் காட்டியிருக்கிறார்கள். ஆனால் பிடித்துப்போன தொட்டியில் ஜீனியா பாறை பாறையாகத் தாவிவிடும், அல்லது காரணமே சொல்லாமல் ஒரே வாரத்தில் கரைந்துபோகும். எனவே அதை மற்றவற்றோடு ஒட்டாத தனிக் கல்லில், மணல் நடுவே வைக்க வேண்டும். லெதரின் ஆயுதம் வேறு, அண்டை உயிரை ஒடுக்கும் வேதிப்பொருள்களை நீரில் கலக்கும். கரிப் பொட்டலம் ஒன்றை வடிகட்டியில் வைத்து மாதம் ஒருமுறை மாற்றினால் அது அடங்கும். ஆக்கிரமிப்பைத் தாண்டியும் கவனிக்க வேண்டியது உண்டு. பழைய மீன் தொட்டியையே பவளத்துக்குப் பயன்படுத்த நினைப்பவர், அதில் எப்போதாவது வெண்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து ஊற்றினோமா என்று யோசித்துப் பார்க்கட்டும். ஊற்றியிருந்தால் அந்த மணலையும் கல்லையும் வெளியே போட வேண்டும். அதில் ஏறிய தாமிரம் மெல்லக் கசிந்து, மீனை விட்டுவிட்டுப் பவளத்தைக் கொல்லும். கடைசியாக ஒன்று. நன்றாக இருந்த லெதர் ஒருநாள் விரல்களை உள்ளிழுத்து, மெழுகு பூசியதுபோல மங்கி, வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். செத்துவிட்டதென்று தூக்கிப்போட்டவர்கள் நிறைய. அது தோலுரிக்கிறது. ஓட்டத்தைக் கொஞ்சம் அதன் பக்கம் திருப்பிவிட்டால் அந்தப் படலம் கழன்றுபோகும், கையால் உரித்துவிடக் கூடாது.